மென்பொருள் பொறியாளர் சுற்றுச்சூழல் தரவுத் துறைக்கு மாறினால் என்ன வேலை செய்வார்?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையில் வங்கி மென்பொருள் எழுதி எட்டாண்டு அனுபவம் பெற்ற ஒருவர், காற்று, நீர், மழை பற்றிய பொதுத் தரவுகளைக் கொண்டு மக்களுக்கும் உள்ளாட்சிக்கும் பயன்படும் கருவிகளை உருவாக்கும் குடிமைத் தொழில்நுட்பத் துறைக்கு மாற விரும்புகிறார். அப்படியொரு தொழில் வாழ்க்கை உண்மையிலேயே இருக்கிறதா, எதைக் கற்க வேண்டும், முதுநிலைப் பட்டம் வேண்டுமா, வருமானம் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்.

இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கும் வடிவில் இல்லை. செயலி செய்வதும் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டுவதும்தான் வேலை என்ற எண்ணத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் விரைவில் சலித்துப் போகிறார்கள். ஓர் எண்ணை யார் அளந்தார், எந்தக் கருவியால் அளந்தார், எந்த மணிக்கு, எந்த அலகில் அளந்தார், அளக்கும் முறை இடையில் எப்போது மாறியது என்று துருவிக் கண்டுபிடித்து, அந்த வரலாறு எண்ணோடு சேர்ந்தே செல்லும்படி அமைப்பைக் கட்டுவதுதான் இங்கே பொறியாளரின் முதல் வேலை. வங்கி மென்பொருளிலிருந்து வருபவருக்கு இது சாதகமான செய்தி என்றே சொல்வேன். கணக்கு நேர்செய்தல், தணிக்கைத் தடம், பின்தேதியிட்ட திருத்தம் ஆகியவற்றில் பழகிய கை, இத்துறையில் பலருக்கு வாய்க்காத கை.

சென்னைக் குடிநீர் ஏரிகளையே எடுத்துக்கொள்வோம். ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல தரவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 881, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645 என்று கூட்டினால் 11,057 வரும். 2015 வெள்ளத்தின்போது நாளிதழ்கள் சொன்ன மொத்தக் கொள்ளளவு இதுதான். பிறகு சோழவரத்தின் கொள்ளளவு 1,081 என்று கணக்கில் கொள்ளப்பட்டதால் மொத்தம் 11,257 ஆயிற்று. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடியோடு சேர்ந்ததும் அது 11,757 ஆனது. கடலூர் மாவட்டத்தில், நகரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வீராணத்தின் 1,465-ஐயும் கூட்டிக்கொண்டால் 13,222.

இப்போது ஏரிகளில் 5,500 மில்லியன் கன அடி நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொள்ளளவைக் கொண்டு வகுத்தால் அது ஏறத்தாழ 50 விழுக்காடு. வீராணத்தையும் சேர்த்த கொள்ளளவைக் கொண்டு வகுத்தால் 42-க்கும் குறைவு. ஒரு சொட்டு நீர் கூடக் குறையாமலேயே எட்டு விழுக்காட்டுப் புள்ளி வீழ்ச்சி. இருபதாண்டுத் தரவை ஒரே கோட்டில் வரைந்து 'நகரின் நீர் இருப்பு சரிகிறது' என்று தலைப்பிடும் ஒருவர் பொய் சொல்லவில்லை, ஆயினும் அவர் காட்டுவது நீரின் வரலாறாக இல்லாமல் வகுக்கும் எண்ணின் வரலாறாக இருக்கிறது. இதற்குத் தீர்வு எளியது: ஒவ்வோர் ஏரியின் கொள்ளளவையும் நிரலுக்குள் மாறிலியாகப் பதித்துவிடாமல், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற இரு தேதிகளோடு தனி அட்டவணையில் வைக்க வேண்டும். வைப்புத்தொகைக்கு வட்டி விகிதம் மாறுவதை ஆண்டுக்கணக்காகக் கையாண்டவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. நுட்பம் கடினமன்று, அப்படியொரு மாற்றம் நடந்தது என்பதை அறிவதுதான் கடினம், ஏனென்றால் அது தரவுக் கோப்பில் எங்கும் எழுதியிருக்காது. நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டோ பழைய செய்திகளைப் புரட்டியோதான் தெரிந்துகொள்ள முடியும்.

இன்னும் ஆழமாகப் போனால், கொள்ளளவு என்பதே வண்டல் படிவதைக் கணக்கில் எடுக்காத காகிதக் கொள்ளளவு. பூண்டிக்கு வரும் நீரில் ஒரு பகுதி மழைநீரன்று. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது ஒப்பந்தம், வருவது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே ஏரி மட்டத்தையும் உள்ளூர் மழையளவையும் மட்டும் கொண்டு ஒரு கணிப்பு மாதிரியைப் பயிற்றுவிப்பவர், மழையே இல்லாத மாதத்தில் பூண்டி நிரம்புவதைப் பார்த்து மாதிரியைத் திருத்திக்கொண்டே இருப்பார். அவர் திருத்த வேண்டியது மாதிரியை அன்று.

மழைத் தரவிலும் இதே வகையான பொறி உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. கிரீன்விச் நேரப்படி அது அதிகாலை 3 மணி என்பதால் அப்படி. 2015 டிசம்பர் 2 என்ற தேதியின் கீழ் தாம்பரத்துக்கு 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்துக்கு 47 சென்டிமீட்டர் என்று பதிவாகியிருக்கும் மழையின் பெரும்பகுதி 1ஆம் தேதி பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதும் 1ஆம் தேதி இரவுதான். இந்த இரண்டு தரவுகளையும் தேதியை மட்டும் பார்த்து இணைத்தால், அணை திறந்த மறுநாள் மழை பெய்ததாக வரைபடம் காட்டும். அந்த வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்று நீதிமன்றம் வரை வாதம் நடந்த நகரத்தில், ஒரு நாள் பிசகிய வரைபடம் சிறு பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று இத்துறையில் வேலைவாய்ப்புகளில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் இரண்டு வகை அளவீடுகள் அருகருகே நடக்கின்றன. தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் வாரத்துக்கு இரு நாள், ஆண்டுக்கு 104 அளவீடுகள் என்ற கணக்கில் வடிதாளில் துகளைப் பிடித்து எடைபோடும் பழைய முறை ஒன்று. மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் இருப்பதைப்போல இடைவிடாமல் அளக்கும் தானியங்கி நிலையங்கள் மற்றொன்று. ஒரு நகரில் தானியங்கி நிலையம் புதிதாக வந்த ஆண்டில் மாசு ஏறியதாகவோ இறங்கியதாகவோ தோன்றினால், முதலில் ஐயுற வேண்டியது அந்த மாற்றத்தையே. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களின் முன்னேற்றத்தை விழுக்காட்டில் அளக்கிறது, நிதியையும் அதனோடு இணைக்கிறது. எனவே நிலையம் எங்கே வைக்கப்பட்டது, எத்தனை நாள் ஓடியது என்பவை பணத்தைத் தொடும் கேள்விகள்.

அடுத்தது குறியீடு. 2015 ஏப்ரலில் அறிமுகமான நம் காற்றுத் தரக் குறியீடு, எட்டு மாசுகளில் எது மோசமோ அதன் மதிப்பையே ஒரு நிலையத்தின் மதிப்பாகக் காட்டும். 500-க்கு மேல் போகாது. 24 மணி நேரச் சராசரியாக, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீட்டில் அது 100, அதாவது 'திருப்திகரம்'. அதே 60, அமெரிக்காவின் 2024 திருத்தத்துக்குப் பிந்தைய குறியீட்டில் ஏறத்தாழ 154, அதாவது 'உடல்நலத்துக்குக் கேடு'. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஒரு நாள் வரம்போ 15 மைக்ரோகிராம். கைப்பேசியில் இருக்கும் இரண்டு செயலிகள் ஒரே தெருவுக்கு இரண்டு எண்களைக் காட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டில் ஒன்று பொய் என்று சண்டை போடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளிமண்டல அறிவியலாளர் கிறிஸ்டா ஹாசன்காப், மென்பொருளாளர் ஜோ பிளாஷர் இருவரும் 2015-இல் தொடங்கிய ஓப்பன்ஏகியூ இந்தச் சிக்கலுக்கு எடுத்த முடிவு, ஒரு பொறியாளர் இத்துறைக்கு எதைக் கொடுக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று. உலகெங்கும் அரசுகள் ஏதேதோ வடிவங்களில், சில மணி நேரத்தில் அழிந்துபோகும் பக்கங்களில் வெளியிடும் அளவீடுகளைத் திரட்டி ஒரே வடிவத்தில் சேமிப்பது அதன் பணி. குறியீட்டு எண்களை விலக்கி, மைக்ரோகிராம் போன்ற இயற்பியல் அளவுகளையே எடுத்துக்கொள்வது என்றும், ஒவ்வோர் எண்ணுக்கும் மூலத்தைக் குறித்துவைப்பது என்றும் அவர்கள் தொடக்கத்திலேயே தீர்மானித்தார்கள். குறியீட்டிலிருந்து அளவுக்குத் திரும்பிப் போவது கடினம், அளவிலிருந்து எந்த நாட்டுக் குறியீட்டையும் கணக்கிடலாம் என்ற எளிய தர்க்கம்தான் அதன் பின்னால் இருப்பது. திரைக்குப் பின்னால் நிகழ்ந்த இந்த முடிவினால்தான் ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் நாடுகளை ஒப்பிட முடிகிறது. பிளாஷர் பின்னர் அமேசானின் மேகக் கணிமைப் பிரிவில் திறந்த புவித் தரவுத் தொகுப்புகளைக் கவனிக்கும் பணிக்குச் சென்றார். தன்னார்வத் திட்டத்துக்கும் பெருநிறுவனத்துக்கும் இடையே இப்படி நகர்வது இத்துறையில் இயல்பானது.

மலிவு உணரிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-இல் ஒரு தன்னார்வக் குழு, சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கக்கூடிய லேசர் உணரிகளைக் குடிமக்களின் சன்னல்களில் மாட்டத் தொடங்கிய முயற்சி, இன்று சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. உன்னதமான வேலை. ஆனால் அந்த உணரி துகளை எடைபோடுவதில்லை, துகள் சிதறடிக்கும் ஒளியை எண்ணுகிறது. ஈரப்பதம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சிப் பெருத்து அளவு உயர்ந்து காட்டும். அதன் உற்பத்தியாளரே 70 விழுக்காடு ஈரப்பதம் வரைதான் உத்தரவாதம் தருகிறார். சென்னையின் மார்கழி விடியலில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். போகி அதிகாலையில் எரியும் பழைய பாயின் புகையையும் பனியையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பர்ப்பிள்ஏர் நிறுவனத்தின் மலிவு உணரிகளுக்கென்று ஈரப்பதத்தைச் சேர்த்த ஒரு திருத்தச் சமன்பாட்டை வகுத்திருக்கிறது என்றாலும், அது அந்நாட்டுத் துகளையும் காற்றையும் கொண்டு உருவானது. இங்கே அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. மூல அளவையும் திருத்திய அளவையும் தனித்தனியே சேமித்து, எந்தச் சமன்பாட்டின் எந்தப் பதிப்பால் திருத்தப்பட்டது என்பதையும் எழுதிவைப்பவரே இத்துறையில் நல்ல பொறியாளர் என்று பெயர் பெறுகிறார்.

தமிழ்நாட்டுத் தரவுகளோடு வேலை செய்யும்போது இன்னொரு வகைச் சள்ளை சேரும். பழைய அரசு ஆவணங்கள் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வந்து விழும். 2010-இல் அரசு பொது எழுத்துக் குறிமுறையான யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்ட பின்னும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. ஒரே ஊர்ப்பெயர் மூன்று துறைகளில் மூன்று விதமாக இருக்கும் என்பதால், பெயரைக் கொண்டு இணைக்காமல் மத்திய அரசின் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணைக் கொண்டு இணைக்கப் பழக வேண்டும். எல்லைகளும் நிலையானவை அல்ல: 2011-இல் சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 155 வார்டுகள் 200 ஆயின, 2019, 2020 ஆண்டுகளில் மாநிலத்தின் 32 மாவட்டங்கள் 38 ஆயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். 2011-இல் தோன்றிய டேட்டாமீட் போன்ற தன்னார்வக் குழுக்கள் இந்த எல்லைக் கோப்புகளைத் திரட்டிப் பொதுவில் வைத்திருப்பது எத்தனையோ பேருக்கு மாதக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கற்க வேண்டிய கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைத்தான், எஸ்கியூஎல் இரண்டும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். இடம் சார்ந்த தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் இரண்டையும் சில வாரங்களில் பழகலாம். வானிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் போன்ற அரசுச் செயற்கைக்கோள்களின் படங்களுக்கு இப்போது செலவே இல்லை. ஒரு படத்துக்கு 600 டாலர் வரை விலை வைத்திருந்த லேண்ட்சாட் தொகுப்பை அமெரிக்கா 2008-இல் இலவசமாக்கியது. உலகெங்கும் காடழிப்பையும் ஏரிச் சுருக்கத்தையும் ஆண்டுவாரியாகப் பார்க்க முடிவது அந்த ஒரு கொள்கை முடிவினால்தான். 2019 ஜூனில் புழல் ஏரியின் நீர்ப்பரப்பு மண்ணாகிக் கிடந்த படங்கள் உலகச் செய்திகளில் வந்ததும் அப்படித் திறந்துவிடப்பட்ட தரவுகளின் காலத்தில்தான். இதை நினைவில் வைத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவைப் படிப்பதும் ஒரு துறைச் செயலருக்குத் தெளிவான கடிதம் எழுதப் பழகுவதும் நிரல்மொழி கற்பதற்குச் சமமான தொழில்திறன்கள் என்பது விளங்கும். அந்தப் பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையை அரசு அமைப்புகள்மீது வைக்கிறது.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதென்றால், பெரிய மென்பொருள் நிறுவனம் தருவதைவிடக் குறைவு. வேலை பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டு நன்கொடைத் திட்டங்களைச் சார்ந்தது. பெங்களூருவின் சிஸ்டெப், ஏட்ரீ, தில்லியின் சிஇஇடபிள்யூ, டபிள்யூஆர்ஐ இந்தியா போன்ற ஆய்வு அமைப்புகள் பொறியாளர்களை எடுக்கின்றன. அஸ்ஸாமில் வெள்ள அபாயத் தரவில் அரசோடு இணைந்து பணியாற்றிய சிவிக்டேட்டாலேப், உள்ளாட்சிகளுக்கான மென்பொருளில் நெடுநாள் இருக்கும் இ-கவ் அறக்கட்டளை போன்றவையும் உண்டு. தனியார் துறையில் காப்பீடு, காலநிலை இடர் மதிப்பீடு, உணரி உற்பத்தி ஆகியவற்றில் சம்பளம் கூடுதல், ஆனால் தரவு பூட்டப்பட்டிருக்கும். அரசுப் பணியே நிலையானது என்றும் நம்ப வேண்டாம். அமெரிக்க அரசின் உள்ளேயே குடிமைத் தொழில்நுட்பக் குழுவாக 2014-இல் தொடங்கிய 18எஃப், 2025 மார்ச்சில் ஒரே நாளில் கலைக்கப்பட்டது. அதே மாதத்தில், சென்னை உட்பட உலகெங்குமுள்ள அமெரிக்கத் தூதரகங்கள் பல ஆண்டுகளாக வெளியிட்டு வந்த காற்று அளவீடுகளும் நிறுத்தப்பட்டன. அந்த எண்களை அன்றாடம் நகலெடுத்துச் சேமித்து வைத்தவர்களிடம் பழைய தொடர் இன்றும் இருக்கிறது. ஆகவே யாருடைய தரவை நம்பி ஒரு கருவியைக் கட்டுகிறீர்களோ, அந்த மூலம் நாளை நின்றுபோனால் என்ன செய்வது என்பதை முதல் வாரத்திலேயே எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

ஒன்றை மட்டும் தொழில்நுட்பத்துக்கு வெளியே நின்று சொல்கிறேன். அடையாறு, கூவம் கரைகளின் ஆக்கிரமிப்பு வரைபடம் ஒன்றைச் செய்து தரும்படி என்றாவது யாராவது உங்களிடம் கேட்பார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிதான். கல்லூரிகளையும் அடுக்குமாடிகளையும் விட்டுவிட்டுக் குடிசைகளை மட்டும் சிவப்பாகக் காட்டும் ஒரு வரைபட அடுக்கு, துல்லியமாக இருந்தாலும் நேர்மையானது ஆகாது. எந்த அடுக்கைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கூட்டத்தில் கடைசியாக அமர்ந்திருக்கும் பொறியாளர்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது? வேலையை விட வேண்டாம். வாரயிறுதி நிரலாக்கப் போட்டிகளில் கலந்துகொண்டு முன்மாதிரி செய்வதால் நண்பர்கள் கிடைப்பார்கள். தொழில் கிடைப்பது அரிது. ஏரி மட்டமோ ஒரு காற்று நிலையமோ, ஒரே ஒரு தரவுத் தொடரை எடுத்துக்கொண்டு, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் நாள் தவறாமல் திரட்டி, விடுபட்ட நாள்களையும் முரண்களையும் காரணத்தோடு குறித்து, பொதுவில் வைத்துப் பராமரியுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்கும் கேள்விகளும் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் வரும்: இந்த நாளில் ஏன் இடைவெளி, இந்த உச்சம் உண்மையா கருவிக் கோளாறா, யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். முதுநிலைப் பட்டம் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாதிரிகளை உருவாக்கும் ஆய்வாளராக வேண்டுமென்றால் வளிமண்டல அறிவியலிலோ நீரியலிலோ பட்டம் தேவைப்படும். தரவு அமைப்புகளைக் கட்டும் பொறியாளராக வருவதற்குத் தேவையில்லை, துறை அறிந்த ஓர் அறிவியலாளருக்குப் பக்கத்து இருக்கையில் ஓராண்டு வேலை செய்தால் போதும்.